படிமம் தேடிய பயணம்: ஆனந்த குமாரசுவாமியும் மதுரைக் காட்சி மரபும்

தோற்றுவாய்

தமிழில் 'படிமம்' என்னும் சொல் இரு பொருளில் வழங்கி வருகின்றது. கோயிற் கருவறையில் நிற்கும் திருவுருவும் படிமம். கவிதையில் சொல்லால் எழும் காட்சியும் படிமம். முன்னது சிற்பியின் உளியிலும் வார்ப்புக் கலைஞரின் மெழுகிலும் உருப்பெறுவது. பின்னது புலவரின் சொல்லில் உருப்பெறுவது. புதுக்கவிதை பற்றி எழுந்த விவாதங்களில் பின்னதே பெரிதும் பேசப்பட்டது. முன்னதற்கு ஒரு கோட்பாடு காண வாழ்நாளைச் செலவிட்ட அறிஞர் ஒருவர் தமிழ்க் குடியில் தோன்றி, ஆங்கிலத்தில் எழுதி, அமெரிக்க மண்ணில் மறைந்தார். அவரே ஆனந்த கெந்திஷ் குமாரசுவாமி (1877–1947).

குமாரசுவாமியைப் போற்றுவோர் தமிழகத்தில் பலர் உளர். ஆயினும் போற்றுதல் வேறு, ஆராய்தல் வேறு. அவர் வகுத்த படிமக் கோட்பாட்டை உரைத்துப் பார்ப்பதற்கு ஒரு கட்டளைக்கல் வேண்டும். மதுரை அத்தகைய கல்லாக அமைகின்றது. நகரின் நடுவே வெள்ளியம்பலத்தில் வலக்காலைத் தூக்கி ஆடும் கூத்தப்பெருமான் இருக்கின்றார். நகருக்கு மேற்கே, வைகைக் கரையில், பாண்டியர் பெயரை நினைவூட்டும் கோச்சடையில் அய்யனாரும் முத்தையா சாமியும் காவல் காக்கின்றனர். ஒன்று புராணமும் சாத்திரமும் பேசும் படிமம். மற்றொன்று ஊரார் நேர்த்திக்கடனில் வாழும் படிமம். இவ்விரண்டையும் எதிரே வைத்துக் குமாரசுவாமியின் ஆய்வு வாழ்க்கையைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

ஆனந்த குமாரசுவாமி 1877 ஆகஸ்டு 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தையார் சர் முத்துக்குமாரசுவாமி ஈழத்துத் தமிழர். இங்கிலாந்தில் வழக்கறிஞராகத் தகுதி பெற்றவர். இலங்கைச் சட்டசபை உறுப்பினர். அரிச்சந்திரன் கதையை 1863இல் ஆங்கிலத்தில் தந்த அவர், பாலி மொழிப் பௌத்த நூல்களையும் மொழிபெயர்த்தார். பொன்னம்பலம் இராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும் அவருடைய சகோதரியின் மைந்தர்கள். தாயார் எலிசபெத் பீபி ஆங்கிலேயப் பெண்மணி.

1879இல் தாயும் குழந்தையும் இங்கிலாந்தில் இருந்தபோது தந்தையார் கொழும்பில் காலமானார். இரண்டு வயது நிறையாத குழந்தை இங்கிலாந்திலேயே வளர்ந்தது. தந்தையின் மொழி செவியில் விழாத இளமை அது. பிற்காலத்தில் அவர் வடமொழியையும் பாலியையும் இலத்தீனையும் கிரேக்கத்தையும் கற்றுத் தேர்ந்தார். தமிழ்ச் சாத்திரங்களையோ பெரிதும் மொழிபெயர்ப்புகளின் வழியே அணுகினார். இவ்விழப்பை மனத்திற்கொண்டாலன்றி அவர் எழுத்தின் ஆற்றலையும் குறையையும் ஒருசேர உணர இயலாது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவர் பயின்றது கலையன்று. நிலவியலும் தாவரவியலும் ஆகும். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் இயக்குநராகப் பணியாற்றினார். 1904இல் அவர் கண்டெடுத்த கனிமம் ஒன்று பின்னர் 'தோரியனைட்' எனப் பெயர் பெற்றது. 1906இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது.

கல்லிலிருந்து கலைக்கு

கனிமம் தேடி மலையக ஊர்களில் அலைந்த நாள்களில்தான் அவர் கைவினைஞரைக் கண்டார். கண்டி நாட்டுத் தச்சரும் கொல்லரும் ஓவியரும் நெசவாளரும் தொழிலிழந்து வருவதையும், இறக்குமதிப் பண்டங்கள் ஊர்ச் சந்தைகளை நிறைத்து வருவதையும் கண்டார். பாறைகளின் அடுக்குகளைக் குறித்த அதே நுணுக்கத்தோடு கைவினைஞர் மரபுகளையும் குறிக்கத் தொடங்கினார். அவருடைய முதல் மனைவி எதெல் எடுத்த ஒளிப்படங்கள் அப்பணிக்குத் துணையாயின. இவ்வுழைப்பின் பயனே 1908இல் வெளிவந்த 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல். இங்கிலாந்தின் பிராட் காம்டன் என்னும் சிற்றூரில், வில்லியம் மாரிசு பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அந்நூல் அச்சாயிற்று.

அந்நூலில் ஒரு பகுதி படிமக் கோட்பாட்டிற்கு அடிப்படையாவது. புத்தர் திருவுருவம் முழுதும் முடிந்தபின்னும் கண் எழுதப்படும் வரை அது வழிபாட்டிற்கு உரியதாவதில்லை. கண் எழுதும் சடங்கு தனியே நிகழ்கின்றது. இச்சடங்கைக் குமாரசுவாமி விரிவாகப் பதிவு செய்தார். உருவம் செய்தல் வேறு, படிமம் ஆக்கல் வேறு என்னும் உண்மை ஓவியர் செயலிலிருந்தே அவருக்குப் புலப்பட்டது எனலாம். நடுகற்கு ஆறு துறை வகுத்த தொல்காப்பிய மரபினர்க்கு இஃது அயலானதன்று. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் எனச் செல்லும் அம்முறையில் கல் தெய்வமாவது படிப்படியாக நிகழும் ஒரு செயலே.

1910இல் இலண்டனில் நிகழ்ந்த ஒரு விவாதம் குமாரசுவாமியின் பாதையை உறுதி செய்தது. சர் சார்ச் பேர்ட்வுட், சாவக நாட்டுப் புத்தர் திருவுருவம் ஒன்றைக் கொழுப்பிட்டு அவித்த மாவுப் பண்டத்திற்கு ஒப்பிட்டு இகழ்ந்தார். இந்தியாவில் நுண்கலை என ஒன்றில்லை என்பது அவர் கருத்து. இதனை மறுத்த ஈ.பி. ஆவெல், வில்லியம் ரோத்தன்சுடைன், குமாரசுவாமி முதலியோர் அவ்வாண்டே இந்தியக் கழகத்தை நிறுவினர். புலன்வழிக் காணும் உடலை அவ்வண்ணமே படியெடுப்பதுதான் கலை என்னும் ஐரோப்பிய அளவுகோலை இந்தியப் படிமத்தின்மேல் வைத்து அளத்தல் தகாது என்பது அவர்கள் வாதத்தின் சாரமாகும்.

தாம் திரட்டிய கலைச்செல்வங்களை இந்திய நாட்டிற்கே அளித்துக் காசியில் ஓர் அருங்காட்சியகம் அமைக்க அவர் முன்வந்தார். அதற்குரிய ஆதரவு கிட்டவில்லை. அச்செல்வங்கள் 1917இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவற்றோடு அவரும் சென்றார். இறுதி நாள் வரை முப்பது ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார்.

ஆடலும் பொருளும்

குமாரசுவாமியின் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது 'சிவ நடனம்' என்னும் கட்டுரை. அது முதலில் 1912இல் சென்னையிலிருந்து வெளிவந்த 'சித்தாந்த தீபிகை' இதழில் இடம்பெற்றது. பின்னர் 1918இல் நியூயார்க்கில் பதினான்கு கட்டுரைகள் அடங்கிய நூலாக, அதே தலைப்பில் வந்தது. சைவ சித்தாந்த நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜே.எம். நல்லசுவாமிப் பிள்ளையின் உழைப்பு இக்கட்டுரைக்கு உறுதுணையாயிற்று. திருமந்திரமும் உண்மை விளக்கமும் கூறும் பொருளைக் கொண்டு அவர் கூத்தப்பெருமானின் உறுப்புகளை விளக்கினார். உடுக்கை படைப்பு, அமைத்த கை காப்பு, தீ அழிப்பு, ஊன்றிய அடி மறைப்பு, தூக்கிய திருவடி அருள். ஆடும் அம்பலம் அன்பர் உள்ளமே என்பது முடிபு.

இக்கட்டுரை செய்த பணி பெரிது. அதுவரை மேலைநாட்டார் பலர் 'பல கைகள் கொண்ட விந்தை உரு' எனக் கடந்து சென்ற செப்புத் திருமேனி, ஒரு தத்துவத்தின் முழு வடிவாக உணரப்பட்டது. பிரெஞ்சுச் சிற்பி ரோதன், சென்னை அருங்காட்சியகக் கூத்தப்பெருமான் திருமேனிகளை ஒளிப்படங்களில் கண்டு எழுதிய குறிப்பு, குமாரசுவாமி, ஆவெல் ஆகியோர் எழுத்துகளுடன் 1921இல் பாரிசில் வெளிவந்தது. 2004இல் இந்திய அரசு செனீவா நகரின் அணு ஆய்வு நிலையத்திற்கு அளித்த கூத்தப்பெருமான் சிலையின் அடியில் குமாரசுவாமியின் வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது.

ஆயினும் இங்கு ஒரு வினா எழுகின்றது. உண்மை விளக்கம் 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த நூல். செம்பியன் மாதேவியார் எடுப்பித்த கற்றளிகளின் கோட்டங்களில் கூத்தப்பெருமான் இடம்பெற்றதோ 10ஆம் நூற்றாண்டில். பின்வந்த நூலின் பொருளை முன்வந்த படிமத்தின் மேல் ஏற்றலாமா? 1999இல் பத்மா கைமல் என்னும் கலை வரலாற்றறிஞர் இவ்வினாவை வலுவாக எழுப்பினார். அப்படிமத்தின் பொருள் காலந்தோறும் மாறி வந்தது என்றும், குமாரசுவாமி அவற்றுள் ஒன்றையே எக்காலத்துக்கும் உரியதாகக் கொண்டார் என்றும் அவர் காட்டினார். சோழர் காலத்து அரசியலும் தில்லையின் எழுச்சியும் அப்பொருளாக்கத்தில் பங்கு கொண்டன என்பது அவர் கருத்து.

இம்மறுப்பு குமாரசுவாமியின் பெருமையைக் குறைப்பதன்று. படிமம் ஒன்றன் பொருளை நூல்தான் தருகின்றதா, அன்றிப் படிமமே தன் பொருளைத் தேடி நூல்களைப் பிறப்பிக்கின்றதா என்னும் அடிப்படைச் சிக்கலை இது வெளிப்படுத்துகின்றது. இச்சிக்கலுக்கு மதுரை ஒரு விடை வைத்திருக்கின்றது.

கால் மாறிய கூத்து

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்துக் கால் மாறி ஆடின படலம் தமிழறிந்தார் யாவரும் அறிந்தது. அறுபத்துமூன்று கலைகளில் வல்லவனாகிய இராசசேகர பாண்டியன் எஞ்சிய ஆடற்கலையையும் கற்கத் தொடங்கினான். கற்கும்போது உடல் நொந்தது. அந்நோவு அவனுக்கு வெள்ளியம்பலத்தை நினைவூட்டிற்று. எந்நாளும் ஒரு காலிலேயே நின்று ஆடும் பெருமானுக்கு எத்துணை வருத்தம் இருக்கும் என்று கலங்கினான். கால் மாறி ஆடியருள வேண்டினான். இன்றேல் உயிர் துறப்பேன் என்று வாளை நிறுத்தினான். கண் திறந்தபோது வலக்கால் மேலே இருந்தது.

குமாரசுவாமியின் விளக்கம் தில்லையை நடுவாகக் கொண்டது. அவ்விளக்கத்தில் தூக்கிய திருவடி அருளின் குறியீடு. குறியீட்டிற்கு வலம் இடம் என்னும் வேறுபாடு பெரிதன்று. மதுரைப் புராணமோ வேறுபாட்டையே பொருளாகக் கொள்கின்றது. பாண்டியன் படிமத்தின் பொருளை ஆராயவில்லை. அதன் உடல் நோவைத் தன் உடலால் உணர்ந்தான். காண்பான் ஒருவன் பரிவால் படிமமே மாறிற்று. காண்பானுக்கும் காணப்படும் படிமத்துக்கும் இடையே நிகழும் இவ்வுறவைச் சாத்திர விளக்கம் மட்டும் கொண்டு அளத்தல் அரிது.

இன்றைய காட்சிப் பண்பாட்டு ஆய்வாளர் படிமம் எதனைக் குறிக்கின்றது என்று மட்டும் கேட்பதில்லை. அது காண்பாரிடத்து என் செய்கின்றது, காண்பார் அதனிடத்து என் செய்கின்றனர் என்றும் கேட்கின்றனர். அக்கேள்வியைப் பரஞ்சோதியார் ஒரு படலமாகவே அமைத்துள்ளமை எண்ணத்தக்கது.

வடமதுரையும் தென்மதுரையும்

குமாரசுவாமியின் ஆய்வில் மற்றொரு பக்கம் உண்டு. கூத்தப்பெருமான் கட்டுரையின் புகழில் அது மறைந்துபோயிற்று. புத்தர் திருவுருவம் காந்தார நாட்டில் கிரேக்கச் சிற்பிகளின் செல்வாக்கால் தோன்றியது என்று பிரெஞ்சு அறிஞர் ஃபூசே நிறுவியிருந்தார். 1927இல் 'புத்தர் திருவுருவின் தோற்றம்' என்னும் கட்டுரையில் குமாரசுவாமி அதனை எதிர்த்தார். நம் முன்னோர் வடமதுரை என வழங்கிய மதுராவின் சிற்பிகள், காந்தாரத்தின் துணையின்றியே புத்தர் திருவுருவைப் படைத்தனர் என்பது அவர் முடிபு.

அச்சிற்பிகளுக்கு முன்மாதிரி எது? பார்க்கம் என்னும் ஊரில் கிடைத்த இயக்கன் சிலை போன்ற பேருருவங்களே என்றார் அவர். இயக்கர் அரசர் போற்றிய பெருந்தெய்வங்கள் அல்லர். ஊரையும் மரத்தையும் நீர்நிலையையும் காத்த தெய்வங்கள். 1928இலும் 1931இலும் இரு பகுதிகளாக வெளிவந்த 'இயக்கர்' என்னும் நூலில் அவர் இக்கருத்தை விரித்தார். மலரும் விளக்கும் நறும்புகையும் இசையும் கொண்டு உருவத்தை வழிபடும் பத்திநெறியே இவ்வூர்த் தெய்வ வழிபாட்டிலிருந்து வந்தது என்றும் கருதினார்.

இது துணிவான கருத்து. பெருஞ்சமயத்தின் உயர்ந்த படிமம், ஊர்க்காவல் தெய்வத்தின் காலடியில் பிறந்தது என்பது இதன் பொருள். புகார் நகரின் சதுக்கப் பூதத்தைப் பாடிய சிலப்பதிகாரத்தையும், தூணில் உறையும் கந்திற்பாவை பேசும் மணிமேகலையையும் உடைய தமிழர்க்கு இக்கருத்து பல வாயில்களைத் திறந்து விடுகின்றது. வடமதுரை இயக்கனுக்குத் தென்மதுரையில் உறவு தேடுவார் கோச்சடை போன்ற ஊர்களின் அய்யனார் கோயில்களுக்கே செல்லல் வேண்டும். குதிரையும் அரிவாளும் முறுக்கிய மீசையுமாக ஊரெல்லையில் நிற்கும் காவல் தெய்வங்களைச் சிறுதெய்வம் என ஒதுக்கியோர்க்குக் குமாரசுவாமியின் 'இயக்கர்' தக்க விடையாகும்.

மண்ணும் கையும்

1934இல் வெளிவந்த 'கலையில் இயற்கையின் உருமாற்றம்' குமாரசுவாமியின் கோட்பாட்டு நூல்களில் தலையாயது. சிற்பி கண்முன் உள்ள பொருளைப் பார்த்துச் செய்வதில்லை; தியான சுலோகம் கூறும் உருவை உள்ளத்தில் நிறுத்தி, அதனோடு ஒன்றி, பின்னரே கையைத் தொழிலில் செலுத்துகின்றான் என்பது அதன் மையக் கருத்து. ஐரோப்பிய இடைக்கால ஞானி எக்கார்ட்டின் சிந்தனையோடு இதனை அவர் ஒப்பிட்டார். கலைஞன் தனிப்பிறவி அல்லன், தன் தொழிலைச் செவ்வனே செய்யும் ஒவ்வொருவரும் கலைஞரே என்பதும் அவர் கொள்கை.

இக்கோட்பாட்டிற்கு அவர் சான்றாகக் கொண்ட நூல்களுள் சுக்கிரநீதியும் ஒன்று. அந்நூல் 19ஆம் நூற்றாண்டில் தோன்றியது என்று 1962இல் லல்லன்ஜி கோபால் வாதிட்டார். கூத்தப்பெருமான் ஆய்வில் நேர்ந்த கால முரண் இங்கும் தோன்றுதல் காண்க. நூல்களை நம்பிய அளவிற்குக் கைவினைஞரின் சொல்லைப் பிற்காலத்தில் அவர் கேட்கவில்லை. கண்டிக் கொல்லரோடு உரையாடிய இளைஞர் பாஸ்டன் நூலகத்தில் ஏடுகளோடு உரையாடும் முதியவரானார்.

அவர் விட்ட இடத்தை மதுரையைக் களமாகக் கொண்ட ஓர் ஆய்வு தொட்டது. கனடா நாட்டு ஆய்வாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் வேளார்களின் மண் கலையைப் பற்றி எழுதிய நூலை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1980இல் வெளியிட்டது. வேளார் மண்பாண்டம் வனைவோர் மட்டும் அல்லர்; அய்யனார் கோயில் பூசாரிகளாகவும் சாமியாடிகளாகவும் இருப்போர். புரவி எடுப்புத் திருவிழாவிற்கு ஊரார் பிடிமண் கொடுத்தால்தான் அவர்கள் குதிரை செய்யத் தொடங்குவர். சுட்டு வண்ணம் தீட்டிய குதிரைக்குக் கண் திறந்த பின்னரே அது ஊர்வலமாகக் கோயிலுக்குச் செல்லும். கண்டியில் குமாரசுவாமி கண்ட அதே கண் எழுதும் செயல், பாண்டி நாட்டு மண்குதிரைக்கும் உண்டு.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கோயிலில் நிறுத்திய மண்குதிரை மழையிலும் வெயிலிலும் கரைந்து சிதையும். அதனை எவரும் பழுது பார்ப்பதில்லை. அடுத்த திருவிழாவிற்குப் புதிய குதிரை வரும். காலத்தை வென்று நிற்றலே படிமத்தின் சிறப்பு என்னும் அருங்காட்சியக நோக்கு இங்குப் பொருந்தாது. அழிந்து மீண்டும் பிறத்தலே இதன் வாழ்வு. காட்சிக் கூடத்தில் வைத்த பொருள் தன் பயனை இழந்து நிற்பது என்று 1943இல் எழுதிய குமாரசுவாமி இம்மண்குதிரைகளை நெருங்கிக் கண்டிருப்பின் தம் கோட்பாட்டிற்கு ஏட்டினும் வலிய சான்றைப் பெற்றிருப்பார்.

அச்சுப் படங்களின்பால் அவருக்கு இரக்கம் இருந்ததில்லை. இரவிவர்மாவின் ஓவியங்களை நாடகத்தன்மை உடையன என்று கடிந்தார். ஆயின் நவீன ஒளிப்படக் கலையைப் போற்றினார். 1924இல் ஆல்பிரட் ஸ்டீகிலிட்சின் ஒளிப்படங்கள் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இடம்பெற அவரே காரணர். கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்து தமிழர் இல்லந்தோறும் நாட்காட்டியாய்த் தொங்கிய முருகனையும் மீனாட்சியையும் அவருடைய அளவுகோல் ஏற்றிராது. அப்படங்களின் முன்தான் தென்மாவட்டத்துத் தாய்மார் பலர் நாள்தோறும் விளக்கேற்றினர். படிமம் என்பது வழிபடுவார் செயலால் ஆவது என்னும் உண்மையை, அதனை முதலில் பதிவு செய்தவரே இங்குக் காணத் தவறினார்.

முடிவுரை

1947 ஆகஸ்டில் எழுபதாம் பிறந்தநாள் விழாவில், இந்தியாவிற்குத் திரும்பி எஞ்சிய நாள்களைத் துறவு நெறியில் கழிக்கும் விருப்பத்தைக் குமாரசுவாமி வெளியிட்டார். அவ்விருப்பம் நிறைவேறவில்லை. செப்டம்பர் 9ஆம் நாள் மாசசூசெட்சு மாநிலத்து நீடாம் நகரில் மறைந்தார்.

அவர் உலகறியச் செய்த கூத்தப்பெருமான் திருமேனிகளுக்குப் புகழோடு இடரும் வந்தது. அரியலூர் மாவட்டம் சிரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன கூத்தப்பெருமானை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் பெருந்தொகை கொடுத்து வாங்கியது. களவு வெளிப்பட்டபின் 2014இல் திருப்பியளித்தது. பொருள் விளங்கிய படிமம் விலையும் உயர்ந்த படிமமாயிற்று. ஆனால் அவ்வூரார்க்கு அஃது எந்நாளும் கலைப்பொருளன்று. திருவாதிரையில் வீதியுலா வரவேண்டிய தங்கள் சாமி.

ஆகவே குமாரசுவாமியைப் பயில்வோர் மூன்றை நினைவிற் கொள்ளல் தகும். கலையை அயலார் அளவுகோலினின்று விடுவித்தவர் அவர். ஊர்த் தெய்வத்தைப் படிம வரலாற்றின் முதலிடத்தில் வைத்தவரும் அவரே. பின்னாளில் ஏட்டின் பொருளைப் படிமத்தின் முழுப்பொருளாகக் கொண்டது அவர்தம் குறை. முன்னவை இரண்டையும் பேணி, பின்னதைத் திருத்திக் கொள்ளும் பணி தமிழ் கற்றாரிடமே உள்ளது. அவருக்குக் கிட்டாத வாய்ப்பு தமிழர்க்கு உண்டு. மூல நூலைத் தமிழிலேயே படிக்கலாம், வேளாரிடமும் தபதியாரிடமும் தமிழிலேயே கேட்கலாம்.

கவிதையில் படிமம் அமைப்போர்க்கும் இவ்வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. வெள்ளியம்பலத்துப் பாண்டியன் பொருள் தேடி நின்றவன் அல்லன், பரிந்து நின்றவன். அவன் பரிவிற்குக் கூத்தப்பெருமான் கால் மாற்றினார் என்று மதுரை இன்றளவும் நம்புகின்றது. கோச்சடைக் கோயிலுக்கு வரும் உழவரும் அய்யனாரிடம் பொருள் கேட்பதில்லை. மழையும் காவலும் கேட்கின்றார். படிமக் கோட்பாடு எழுதுவோர் அவர் வேண்டுதலையும் தம் சான்றுகளுள் ஒன்றாகச் சேர்த்துக் கொள்ளல் வேண்டும்.